முப்பத்தேழாம் எண் கதவு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் பதிலில் முதல் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. மீதிப் பக்கத்தை வேறு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இலகு ரயில் ஓடப் போகிறது. இந்த மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு முதல் வண்டி. மூன்று வாரமாகச் சோதனை ஓட்டம் நடக்கிறது. ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள், ஓர் ஆளுக்கு ஒரு மூட்டை என்ற கணக்கில். இருக்கையில் மூட்டை, நிற்கிற இடத்தில் மூட்டை. தூக்கி வைத்தது நாங்கள். "பார்த்து வைங்கடா, சீட்டு கிழிஞ்சா உங்க தலையிலதான் விடியும்" என்றார் மேஸ்திரி. சுமந்தவன் அந்த இருக்கையில் உட்காரக் கூடாதாம், பேன்ட்டில் கிரீஸ் இருக்கிறதாம். மண் உட்காரலாம்.

என் வேலையைக் கேட்டால் நீ சிரிப்பாய். தண்டவாளத்தில் ஒவ்வொரு பற்றவைப்புக்கும் ஓர் எண் உண்டு. பின்னால் விரிசல் விட்டால் யார் பற்றவைத்தது என்று பிடிக்க வேண்டுமே, அதற்கு. வெல்டருக்குப் பின்னாலேயே மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு நடந்து அந்த எண்ணை எழுதுகிறேன். எண்ணை அழித்தவன் இப்போது எண் எழுதிப் பிழைக்கிறான்.

நம் தெருவில் ஒரு நிறுத்தம் வந்திருக்கிறது. தெரு இல்லை, நிறுத்தம் இருக்கிறது. மூலையில் இருந்த மின்கம்பத்தை மட்டும் பிடுங்கவில்லை. அதிலிருந்து அடி வைத்து அளந்தேன். நம் சமையலறை இருந்த இடத்தில் டிக்கெட் இயந்திரம். நீ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிற்பாயே, அங்கே குப்பைத் தொட்டி. ஒரு பஸ் விடுங்கள் என்று எத்தனை வருடம் மனு எழுதினோம். தெருவில் ஆள் இருந்தவரை ஒரு வண்டி வரவில்லை. ஆளையெல்லாம் காலி செய்த பிறகு எட்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் விடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் அளவெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் சிவப்பில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். நான்தான் டிரம் மேல் ஏறி நின்று பேசினேன்: "எண் இல்லாத வீட்டை எப்படிக் கணக்குல எடுப்பான், எப்படி இடிப்பான்? அழிங்க." தெருவின் எதிர்ச் சாரி வீடுகள் கேட்கவில்லை. நம் சாரி கேட்டது. டர்பென்டைனும் கந்தலும் எடுத்துக்கொண்டு இருபத்தேழிலிருந்து முப்பத்தேழுவரை பதினோரு கதவையும் நானே துடைத்தேன். கடைசியாக நம் கதவு. எண் இருந்த கதவுகளுக்குத்தான் மாற்று வீடு என்பது பட்டியல் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. முதல் ஆளாய்ப் பக்கத்து வீட்டுக் கத்திரி மாமா பார்த்துவிட்டு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் பட்டியலைப் பார்க்கவே போகவில்லை. நீ போனாய். திரும்பி வந்து "நம்மளுதும் இல்ல" என்றாய். அவ்வளவுதான். அடுத்த மாதம் வேறு ஊர் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் பெட்டி கட்டிவிட்டாய்.

என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேலை செய்தவர்களுக்கு முதல் ஓட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு தருகிறார்கள், ஒன்று தனக்கு, ஒன்று குடும்பத்தில் ஒருவருக்கு. என் குடும்பத்தில் ஒருவர் நீதான். வா. பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வரலாம்.

உன்
தம்பி


மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

திட்டுகிறேன். எட்டு மாதம் ஒரு வரி இல்லை. தண்டவாளத்தில் எதிலாவது மாட்டிக்கொண்டாயோ என்று ஒவ்வொரு வாரமும் பேப்பரில் சின்னச் செய்திகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். கை கால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்பதைக்கூட நீ எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டேன்.

இங்கே அதே வேலைதான். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. கை எப்போதும் பிளீச்சிங் வாடைதான். நம் ஊர் ஆஸ்பத்திரியில் துவைத்தபோதும் இப்படித்தான்; சின்ன வயதில் நீ என் கையை முகர்ந்துவிட்டு "ஆஸ்பத்திரி அக்கா" என்று மூக்கைப் பொத்துவாய். அம்மா போனபோது உனக்கு நாலு வயது. எனக்குப் பதினாலு. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உன்னை அதன் பக்கத்தில் உட்கார வைப்பேன். "என் குடத்தை யாரும் தொடக் கூடாது" என்று பெரிய மனிதர்களை மிரட்டுவாய். வரிசையே சிரிக்கும். பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிட்டது உனக்கு.

கத்திரி மாமாவின் ரேடியோவைச் சுவர் வழியாகவே கேட்டு வளர்ந்தோம். அணைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டினால் சத்தத்தைக் கூட்டுவார். மெஷின் அத்தை உனக்குச் சட்டை தைத்தால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "வளர்ற பிள்ளைதானே, சரியாயிடும்" என்பாள், கை ஒன்று மட்டும் வளரும் என்பதுபோல. இதெல்லாம் யாரிடம் சொல்ல? இங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் "அப்புறம்?" என்று கேட்கிறார்கள். அப்புறம் என்று ஒன்றும் இல்லையே.

வர முடியாது. பதினெட்டாம் தேதி எனக்கு வேலைநாள். லீவு கேட்டால் சூப்பர்வைசர் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வந்துதான் என்ன பார்க்க? டிக்கெட் இயந்திரத்தையா?

எண் விஷயத்தை இனி எழுதாதே. எனக்கு உன் மேல் கோபம் இல்லை. இதை எத்தனை தடவை சொல்ல?

அக்கா


மார்ச் 11

அக்கா,

ஒரு தடவைகூட நீ சொன்னதில்லை. இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவை.

நீ வரமாட்டாய் என்றதும், உன் சீட்டில் பழைய ஆள் யாரையாவது கூட்டிப்போகலாம் என்று தோன்றியது. ஊர்க்கோடியில் கட்டிய மாற்று வீடுகளுக்கு நேற்றுப் போனேன். எதிர்ச் சாரிக்காரர்கள் யாராவது இருப்பார்களே. ரயில் அங்கே போகாது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். யாரை எடுத்துவிட்டுப் பாதை போட்டார்களோ அவர்களுக்குப் பாதை இல்லை. சரி, அதற்காக உன்னிடம் கத்தி என்ன பயன்.

மூன்றாவது மாடியில் ஒரு ரேடியோ சத்தம். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். கதவைத் தட்டினேன். சத்தம் கூடியது.

கத்திரி மாமாதான். முடியெல்லாம் கொட்டிவிட்டது, தெருவுக்கே முடி வெட்டினவருக்கு இப்போது வெட்ட ஒன்றும் இல்லை. மூன்று பெண்களில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவர் எண் முப்பத்தாறு. நான் அழித்த எண். அவருக்கு எப்படி வீடு வந்தது? கதவின் நிலைக்கு மேல் தகரத் தகடு. பழைய எண்ணைப் போட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்தேழு.

"மாமா, இது எங்க நம்பர்."

அவர் திரும்பிப் போய் ரேடியோவை அணைத்தார். மாமிதான் உள்ளேயிருந்து சொன்னாள்: "உங்க அக்கா உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியாடா? சாவிய அவதானே கையில குடுத்தா. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனா. நீயே வந்து தட்டுவேன்னு யாருக்குத் தெரியும்?"

அந்த எண்ணை நான் என் கையால் துடைத்தேன் அக்கா. கந்தலைப் பிழிந்து இரண்டாம் தடவையும் துடைத்தேன். இந்த ஆறு வருடத்தில் நம் சாரிக்காரர் யாராவது எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். நீ என்ன செய்தாய்? ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எழுது.

தம்பி


மார்ச் 14

தம்பி,

ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. படி.

நீ அழித்த மறுநாள் காலை குழாயடியில் நான் மட்டும் இருந்தேன். அளவெடுத்த ஆபீஸ் குமாஸ்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கதவுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "யாருங்க இவ்வளவு புத்திசாலி? எண் இருந்தாத்தான் மாத்து வீடு. பத்து மணிக்கு போட்டோ எடுக்க வராங்க. எண் இல்லாத கதவுன்னா ஆள் இல்லாத கொட்டகைன்னு எழுதிடுவாங்க." சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

அப்போது மணி எட்டு. இரண்டு மணி நேரம் இருந்தது. பதினோரு கதவுக்கும் அது போதும்.

என்னிடம் சலவைக்கூடத்து மை இருந்தது. விரிப்பில் வார்டு எண் போடுகிற சிவப்பு மை, கொதிக்கிற தண்ணீரிலும் போகாது. ஒரு புட்டி வீட்டிலேயே கிடந்தது. எடுத்தேன். நம் கதவில் முப்பத்தேழு எழுதினேன். அடுத்து மாமா கதவுக்குப் போகத்தான் வெளியே வந்தேன். தெருமுனையில் நீ மறுபடியும் டிரம் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். மெஷின் அத்தை தட்டினாள். உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்கள் நடுவில் போய் "என் தம்பி சொன்னது தப்பு" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படித்தான் இந்த ஆறு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எல்லோருக்கும் எண் இருந்தால் கடைசி எண்ணுக்கு வீடு மிஞ்சுமா என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கதவின் மேல் ஒரு விரிப்பைக் காயப்போட்டேன். போட்டோக்காரன் வந்தபோது தூக்கினேன். போனதும் இறக்கினேன். அன்றைக்கே கதவு முழுக்கப் பச்சை பெயின்ட் அடித்தேன். "இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்குக்கா அலங்காரம்?" என்று சிரித்தாயே. அதற்குத்தான்.

பட்டியலில் நம் சாரியில் ஓர் எண் மட்டும் இருந்தது. அவரவர் எண்ணைத் தேடிவிட்டுத் திரும்பினார்கள், கடைசி எண்ணை யாரும் கவனிக்கவில்லை. சாவியை வாங்கி அந்த வீட்டுக்குள் ஒரு தடவை போனேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. வரிசை இல்லை, குடம் இல்லை. அங்கே என்னால் நிற்க முடியவில்லை. மாமா மூன்று பெண்களோடு கோணிக் கொட்டகையில் இருந்தார். கொடுத்துவிட்டு ஊரை விட்டு வந்தேன். மீதி ஒன்பது குடும்பத்துக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்து செய்தேன். உன் மேல் கோபம் என்று நீ நினைத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியாதவள் நான்தான்.

நன்றாக உட்கார்ந்து போய்வா. கிரீஸ் இல்லாத பேன்ட் போட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது நீ எதிரில் இல்லாதது நல்லது. இரண்டாம் தடவையும் நல்லதுதான்.

திறப்பு விழா முடிந்துவிட்டது. ரிப்பன், மாலை, மைக். பேசியவர்கள் எல்லோரும் "நமது கனவு" என்றார்கள். எங்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, பிறகு பின் பெட்டியில் ஏற்றினார்கள். உன் சீட்டில் மெஷின் அத்தையை உட்கார வைத்தேன். எங்கே கண்டுபிடித்தேன் என்று கேட்காதே, மேம்பாலத்துக்குக் கீழே, அதே மெஷினோடு. வரமாட்டேன் என்றாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஏறினதிலிருந்து சீட்டுத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "தையல் சரியில்லடா. ரெண்டு வருஷத்துல பிரியும்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உன் பேச்சக் கேட்டுத்தான் கெட்டோம். ஆனா நல்லாத்தான் பேசின."

நம் நிறுத்தத்தில் கதவு இருபது நொடி திறந்திருக்கும். அத்தை இறங்கினாள். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே இறங்கினேன். நடைமேடையில் ஓர் இடத்தில் போய் நின்று காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள், தையல் மெஷினை மிதிப்பதுபோல. மணி அடித்தது. ஏறிக்கொண்டோம். "சரி, பாத்தாச்சு, போலாம்" என்றாள். அவள் வீட்டில் மெஷின் இருந்த இடத்தை நான் அளந்து வைத்திருக்கிறேன். அரை அடிகூடத் தப்பவில்லை.

"உங்க அக்கா ஏன் வரல? இன்னும் உன்மேல கோபமா?" என்று கேட்டாள். பெட்டியில் அவ்வளவு சத்தம், காது கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். "ஆமா அத்தை" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. நன்றி சொல்லி எழுதாதே, அடுத்த தடவை அப்படிச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. சனிக்கிழமை மதியம் கடைசியாகக் குப்பை பொறுக்க எங்களைத் தண்டவாளத்தில் இறக்கினார்கள். டப்பாவில் பெயின்ட் மிச்சம் இருந்தது. நம் நிறுத்தத்தில் நடைமேடையின் பக்கச் சுவர் தண்டவாளத்தைப் பார்த்து நிற்கிறது. வண்டிக்காகக் காத்திருக்கிறவனுக்கு அது தெரியாது, எதிர் நடைமேடையில் நிற்பவனுக்குத் தெரியும். அவரவர் கதவு இருந்த நேருக்கு எழுதினேன். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பத்தாறுவரை. மேஸ்திரி பார்த்தார். "என்ன நம்பர்டா இது? வரைபடத்துல இல்லியே?" "இருந்துச்சு சார்" என்றேன். அவர் போய்விட்டார்.

முப்பத்தேழை எழுதவில்லை. அதை நான் அழித்ததோடு என் வேலை முடிந்தது. ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிவரை வண்டி இல்லை. தண்டவாளத்தில் இறங்க எனக்கு அனுமதி உண்டு, உன்னையும் கையைப் பிடித்து இறக்குவேன். ஆனால் முதலில் மேம்பாலத்துக்குப் போக வேண்டும். அத்தையிடம் நீயே சொல்ல வேண்டும், பிறகு மற்ற எட்டு பேரிடமும். நான் கூட வருவேன். பக்கத்தில் நிற்பேன், பேச மாட்டேன். இந்த விஷயத்தில் நான் பேசியது போதும்.

இந்த மஞ்சள் பெயின்ட் மழைக்கு நிற்காது. வரும்போது உன் சலவைக்கூடத்து மையில் ஒரு புட்டி எடுத்து வா.

தம்பி