எழில்மதிக்கு ஒரு ஸ்டூல்

கள்ளக்குறிச்சி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜெமிமாவுக்கு, கர்த்தருடைய கிருபை உன்னைச் சூழ்ந்திருக்கும்படி வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது பழைய கதை. அயர்லாந்தில் குளிர் ஏறிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் பேசினால் அம்மா டென்ஷன் ஆகாதே என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கையால் எழுதி, இதைப் போட்டோ பிடித்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்கிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கல்வராயன் மலைச் சபைப் பெண்களுக்கு நம் பெண்கள் சங்கத்தில் புடவை கொண்டுபோவோமே, இந்தத் தடவை வாங்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் விலை கம்மி என்று பாஸ்டரம்மா சொன்னார்கள், போய் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டேன். புடவை எடுத்துப் போட்டவள் எழில்மதி, கருணாபுரத்துப் பெண், உன்னைவிடச் சின்னவள். நானும் இது வேண்டாம் அது வேண்டாம் என்று அத்தனையையும் பிரிக்க வைத்தேன். அவள் கால் மாற்றி மாற்றி நின்றாள், கொஞ்சம் உட்காரும்மா என்றேன். உக்காரக் கூடாதுங்கம்மா, காலைலர்ந்து நின்னுகினுதான் இருக்கணும், உக்காந்தா சூப்பர்வைசர் கத்துவாருங்க என்று காதோடு சொன்னாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. வார்டில் நின்று வீங்கின உன் காலைப் படம் பிடித்து அனுப்பினாயே, எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. உனக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன், சரி என்று தலையாட்டினாள்.

அங்கேதான் உன் அம்மா காரியத்தைக் கெடுத்தாள். நமக்கு வாய்விட்டு ஜெபித்துத்தானே பழக்கம்? அவள் தலையில் கைவைத்து, ஆண்டவரே, நாள் முழுக்க உட்காரவிடாத இந்தக் கடையில் உம்முடைய பிள்ளையின் கால்களைப் பாரும் என்று சபையில் ஜெபிக்கிற அதே குரலில் ஆரம்பித்துவிட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிரே சூப்பர்வைசர்.

எடுத்து வைத்த புடவைகளுக்குப் பில் போட மறுநாள் போனபோது அவள் கடையில் இல்லை. பயந்துபோய் ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்கே போனேன். அவள் அம்மா தைலம்மாள் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும், டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நீங்க நல்லதுக்குத்தாங்க சொன்னீங்க, ஆனா இன்னா பண்றது, கம்ப்ளைண்ட் பண்ற பொண்ணு வாணாம்னு அனுப்பிச்சுட்டாங்க, அவ சம்பளத்துலதாங்க வூடு ஓடுது என்றாள். எழில்மதி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. அப்பாவோ, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், நீ இன்னாத்துக்கு அந்தக் கத்து கத்துன என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்குகிற பொருளுக்குப் பின்னால் யார் கஷ்டப்படுகிறார்கள் என்று பார்த்து வாங்கும்மா என்று நீ எப்போதும் சொல்வாய். வேறு கடைக்குப் போகலாம் என்று சங்கத்தில் சொல்லிப் பார்த்தேன். அங்கெல்லாம் இந்த விலைக்குக் கிடைக்காது, மலையில் பாதிப் பேருக்குப் புடவை இருக்காது என்று பாஸ்டரம்மா கலங்கினார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் ஒருத்தி காலை வீங்க வைத்து எடுத்த புடவையை இன்னொருத்தியிடம் கிறிஸ்துமஸ் என்று எப்படி நீட்டுவேன்? வேறு கடைக்கு நழுவிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும், எழில்மதிக்கு வேலை திரும்பி வருமா?

அதனால் நாளைக்குக் காலையில் சங்கத்துப் பெண்கள் எல்லோருமாக அந்தக் கடைக்கே போகிறோம். நான் கேட்டதால்தான் அந்தப் பெண் சொன்னாள், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினதும் நான்தான், அவளைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள், அப்புறம் எங்களுக்குப் பில் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்கப்போகிறேன். அவர் மசியாவிட்டால் என்ன செய்வது, நான் இன்னும் கெடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை கதி என்ன என்று பயமாக இருக்கிறது ஜெமிமா.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். டியூட்டி முடிந்ததும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு, மறக்காதே. இன்றைக்குப் படுப்பதற்கு முன்னால் எங்களுக்காக ஜெபி. அந்தக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள். எழில்மதி உட்காருகிறவரை எங்களில் ஒருத்தியும் அதில் உட்காருவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். என் முழங்காலுக்காகவும் கொஞ்சம் ஜெபித்துக்கொள்.

உன் அம்மா
சாலம்மாள்