விரல் வைக்க இடமில்லாத மவுஸ்

அக்டோபர் 8, 2012 – திங்கள்

மழை. சான்சோங் பாலத்தில் பேருந்து இருபது நிமிடம் நகரவே இல்லை. ஈரக் குடையோடு ஆபீசுக்குள் நுழைந்தால், வரவேற்பில் இருக்கும் பெண் என் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போனில் சொல்கிறாள்: "கை வந்தாச்சு."

பதினான்கு வருஷ உழைப்பில் எனக்குக் கிடைத்த பட்டம் இதுதான். கை. தப்பு என்றும் சொல்ல முடியாது. இந்தக் கம்பெனி செய்யும் எந்த மவுஸும் முதலில் என் வலது கைக்குள் வந்துதான் உட்காரும். சின்னக் கை. எனக்கு வசதி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் பிளாஸ்டிக் வார்க்க அச்சு வெட்டுவார்கள். இந்தக் கையை பிளாஸ்டரில் வார்த்து, மாடிப்படி ஓரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வருகிற விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒருவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா, படத்துல விழுறீங்க" என்றார். தள்ளி நின்றேன்.

மதியம் வடிவமைப்புப் பிரிவுப் பையன் யோ-திங் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே, "அக்கா, கண்ணை மூடுங்க" என்றான். மூடினேன். கைக்குள் ஏதோ குளிர்ச்சியாக வந்து அமர்ந்தது. தட்டையாக, வழவழவென்று, ஒரு மூட்டுவாய் கூட இல்லாமல்.

"பட்டன் எங்கே?"

"இல்ல. முழுக்கத் தொடுதிரை மாதிரி. தொட்டா போதும். வயரும் இல்ல. பேரு என்ன தெரியுமா? கூழாங்கல்."

கண்ணைத் திறந்தேன். அழகு. உண்மையிலேயே அழகு. ஹுவாலியென் ஆற்றில் இருந்து இப்போதுதான் பொறுக்கி வந்த மாதிரி இருந்தது. அப்படியே சொன்னேன். அவன் காது சிவந்துபோனது.

அக்டோபர் 11, வியாழன்

நேற்று தேசிய தின விடுமுறை. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் தேயிலைத் தண்ணீரில் அவித்த முட்டை வாங்கியபோது "பை வேணுமா?" என்று கேட்டார்கள், தலையை ஆட்டினேன். அதைப் பேச்சில் சேர்க்கலாமா?

இன்று கூழாங்கல் சோதனை தொடங்கியது. முதல் அரை மணி நேரம் பட்டு. இரண்டாவது அரை மணியில் விரலுக்கு ஏதோ குறை. மூன்றாவது மணி நேரத்தில்தான் புரிந்தது: ஆட்காட்டி விரலை வைக்க இடமில்லை. வைத்தால் தொட்டதாகக் கணக்கு, கிளிக் ஆகிவிடும். அதனால் விரலை அந்தரத்திலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்த பள்ளிப் பிள்ளை மாதிரி. முதுகும் தட்டை. உள்ளங்கைக்குத் தாங்கல் இல்லை. புறங்கையில் மணிக்கட்டு வரைக்கும் ஒரு இழுப்பு.

முதல் நாள்தானே. பழகிவிடும்.

அக்டோபர் 16, செவ்வாய்

பழகவில்லை.

சந்தேகம் என் கை மேலேயே வந்தது. நாற்பத்து நான்கு வயது. தேய்ந்திருக்கலாமே? இரண்டு நாள் பழைய குண்டு மவுஸை வைத்து அதே வேலையைச் செய்தேன், நாலு மணி நேரம். வலி இல்லை. மறுபடி கூழாங்கல். ஒன்றரை மணி நேரத்தில் சுண்டு விரல் மரத்துவிட்டது. ஆக, கை இல்லை, மவுஸ்தான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இதை யோ-திங்கிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 17, புதன்

யோ-திங் இன்றும் தன் முட்டையை என் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டான். அவனுக்கு மஞ்சள் கரு பிடிக்காது. மார்ச்சில் சேர்ந்ததிலிருந்து தினமும் ஒரு முட்டை.

அக்டோபர் 18, வியாழன்

அவன் வருவதற்கு முன் ஐந்து வருஷம் இந்தச் சோதனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிட்டேன். யாரும் துரத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. சேர்ந்த முதல் வாரம் அவனாக உள்ளே வந்து, "இங்க ஏசி நல்லாருக்கே" என்று எதிரில் உட்கார்ந்தான். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டே முக்காலுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள், மாடி முழுக்க மேசையில் தலை வைத்துத் தூங்கும். நடுவில் இருக்கும் அந்த நாற்பது நிமிடம்தான் நான் பேசும் நேரம். ஒரு நாளைக்கு எனக்குப் போதும்.

இன்று லேசாக ஆழம் பார்த்தேன். "முதுகை ஒரு நாலு மில்லிமீட்டர் தூக்கினா என்ன? முன்னாடி ரெண்டு நிஜ பட்டன் வச்சா?"

"அக்கா!" சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். "நாலு மில்லிமீட்டர் தூக்கினா அது கூழாங்கல்லா? சோத்து உருண்டை. பட்டன் வேற வச்சா, உருண்டைக்கு ரெண்டு பல்லு."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு மெல்ல, "இதுதாங்க்கா நான் முழுசா நானே செஞ்ச முதல் பொருள். மத்ததெல்லாம் இன்னொருத்தர் வரைஞ்சதுக்கு மூலையை மழுக்கினதுதான்" என்றான்.

அவன் போட்டிருந்த முட்டையை எடுத்துக் கடித்தேன்.

அக்டோபர் 21, ஞாயிறு

துணி துவைத்தேன். தம்பி காவ்சியுங்கில் இருந்து போன் செய்தான், ஒன்றரை நிமிடம். வலது கையால் வாளியைத் தூக்க முடியவில்லை. இடது கையால் தூக்கினேன்.

அக்டோபர் 24, புதன்

மேனேஜர் வெய் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வசதிப் படிவம் வேண்டுமாம். அச்சு வெட்டும் தொழிற்சாலை காத்திருக்கிறது.

"விரல் தூக்கியே இருக்கு சார். நாலு மணி நேரம் வேலை செஞ்சா..."

"கடையில யாரும்மா நாலு மணி நேரம் நின்னு பார்க்கிறாங்க? ரெண்டு நிமிஷம் தொடுவாங்க. ஐயோ எவ்ளோ அழகுன்னு தூக்கிட்டுப் போவாங்க. விக்கிறது கண்ணுக்கு. கை வீட்டுக்குப் போனப்புறம் பார்த்துக்கும்."

மனுஷன் சொன்னது பொய்யில்லை. நானே முதல் அரை மணி நேரம் அப்படித்தானே மயங்கினேன்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம். 'நன்று' என்று எழுதினால் எல்லாருக்கும் சந்தோஷம். யோ-திங் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவான். 'வலிக்கிறது' என்று எழுதினால் எதிர் நாற்காலி காலி. வாங்குகிற முகம் தெரியாத ஆயிரம் பேர் கையா, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தனா? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது: எனக்கு ஆயிரம் பேர் வேண்டாம். எனக்கு ஒருத்தன் போதும்.

அக்டோபர் 26, வெள்ளி

 

காலையில் படிவத்துக்குப் பதில் மின்னஞ்சலில் இரண்டு கடிதம் தட்டச்சு செய்தேன். ஒன்று இரண்டே வரி: வசதி நன்று. இன்னொன்று மூன்று பக்கம், எந்த விரல், எத்தனையாவது நிமிடம், எங்கே இழுப்பு, எதை மாற்றினால் சரியாகும் என்று எல்லாம். இரண்டிலும் வெய், யோ-திங், தொழிற்சாலை மூன்று பேர் முகவரியும் போட்டேன். மூன்று பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, கூழாங்கல்லை நகர்த்தி அம்புக்குறியை 'அனுப்பு' மேல் நிறுத்தினேன். விரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

யோ-திங் அச்சு வெட்டும் தொழிற்சாலைக்காரர்களோடு வெளியே சாப்பிடப் போயிருந்தான். எனக்குப் பசியில்லை. விளக்கு அணைந்தது. எல்லாரும் தூங்கும்போது ஒருத்தி மட்டும் திரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று மேசைத் தலையணையில் தலையைச் சாய்த்தேன். யோசிக்கத்தான் சாய்த்தேன். ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை...

ஒன்றரைக்கு விளக்கு எரிந்தது. கை மவுஸ் மேலேயே இருந்தது. தூங்குகிற விரலை யார் தூக்கிப் பிடிப்பார்கள்? அது பாட்டுக்கு இறங்கிப் படுத்திருக்கிறது.

திரையில் கடிதம் இல்லை. போய்விட்டது. 12:58.

அய்யோ. அய்யோ. முதலில் என் வாயில் வந்தது அதுதான்.

இரண்டரைக்கு யோ-திங் வந்தான். உள்ளே வரவில்லை, கதவிலேயே நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா? தினம் எதிர்லதானே உக்காந்து தின்னேன்?"

நான் வாயைத் திறந்தேன். 'நான் அனுப்பலப்பா, உன் மவுஸ்தான் அனுப்பிச்சு.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது உண்மையும்கூட. ஆனால் அவன் அடுத்து என்ன கேட்பான்? "அப்ப நீங்களா அனுப்பியிருக்க மாட்டீங்களா?" 

"நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

"எதுக்கு?"

"வலிக்குது. அதுக்கு."

அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றுமே இல்லை. முதல் தடவை பார்க்கிற ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அக்டோபர் 29, திங்கள்

தனியாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 31, புதன்

கூட்டம். வெய் என் மூன்று பக்கத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே பேசினார். "ஷு-யுன், வருத்தப்படாதே. பதினாலு வருஷம் தேய்ச்சா எந்தக் கையும் தேயும். இது மவுஸ் கோளாறு இல்லம்மா, வயசு."

பழைய மவுஸில் வலிக்கவில்லையே என்று சொன்னேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். விற்பனைப் பிரிவில் இருந்து ஒரு சின்னக் கைக்காரப் பெண்ணைக் கூட்டி வந்து அரை மணி நேரம் ஓட்டவிட்டார்கள். "செம!" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அரை மணி நேரத்துக்கு அது செமதான்.

யோ-திங் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 13, செவ்வாய்

என்னை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் புகார் பிரிவு. ஜன்னல் உண்டு, எதிரே பார்க்கிங் சுவர். சோதனை அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். பிளாஸ்டர் கை அப்படியே இருக்கிறது. அதற்கு வேலை போகவில்லை. கொடுத்து வைத்தது.

ஜனவரி 25, 2013 – வெள்ளி

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வருஷக் கடைசி விருந்து. கூழாங்கல்லுக்கு வெளிநாட்டில் ஏதோ வடிவமைப்புப் பரிசாம். யோ-திங்கை மேடைக்கு அழைத்தார்கள். புது சட்டை. நானும் கைதட்டினேன், மனதாரத்தான். அவன் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது போலிருந்தது. அவன் அம்மா வந்திருந்தாள், அவளைத்தான் தேடியிருப்பான். குலுக்கலில் எனக்கு ஒரு சோறு வடிக்கும் குக்கர் விழுந்தது. ஆறு பேருக்கு வடிக்கும்.

மார்ச் 6, புதன்

கூழாங்கல் மேல் புகார் வர ஆரம்பித்துவிட்டது. 'விரல் நுனி மரக்கிறது.' 'கையை வைத்தால் தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது.' 'மேசையில் வைத்தால் ரொம்ப அழகு. வேலைக்குப் பழையதைத்தான் எடுக்கிறேன்.' இந்த வாரம் மட்டும் பதினொன்று. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதுவதுதான் இப்போது என் வேலை.

பார்த்தாயா, சொன்னேனே என்று துள்ள வேண்டாமா நான்? துள்ளவில்லை. யாரிடம் போய்ச் சொல்லித் துள்ளுவது?

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று பன்னிரண்டு மணிக்கு யோ-திங் வந்தான். ஐந்து மாதம் கழித்து. சாப்பாட்டுப் பெட்டியோடு.

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டான்.  அவன் பெட்டியைத் திறந்தான். நூடுல்ஸ். குச்சிகளை எடுக்கவில்லை. இடது கையால் ஒரு ஸ்பூனை எடுத்து, அதில் ஏற்றப் பார்த்தான். வழுக்கி விழுந்தது. மறுபடி ஏற்றினான். மறுபடி விழுந்தது. வலது கை மேசைக்கு அடியில்.

"காட்டு" என்றேன்.

காட்டவில்லை. "வீம்பு அக்கா" என்றான். "நீங்க எழுதினதுல இருந்து வேற மவுஸைத் தொடவே இல்ல. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். வலிக்கவே வலிக்காதுன்னு எனக்கே காட்டணும்னு. இப்ப சட்டை பட்டன் போட முடியல. டாக்டர் ரெண்டு மாசம் எதையும் பிடிக்கக் கூடாதுங்கிறாரு."

கையை வாங்கிப் பார்த்தேன். புறங்கையில் இழுப்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். அமுக்கியதும் பல்லைக் கடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மடத்தனமாக இருக்கிறது, இவ்வளவு மாதம் தனியாக இருந்ததற்கு அழவில்லை, இதற்கு அழுகிறேன்.

"அந்த மூணு பக்கம்... முதல் வரிக்கு மேல நான் படிக்கவே இல்லக்கா. இருக்கா?"

இருந்தது. எடுத்துப் படித்துக் காட்டினேன், மெல்லிய குரலில், எல்லா நிமிடங்களையும். இரண்டாம் பக்கத்தில், 'இந்த வடிவத்தின் அழகைக் குறைக்காமல் இதைச் சரிசெய்ய இதை வரைந்தவரால்தான் முடியும்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது. அந்த இடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நூடுல்ஸைக் கிளறி ஸ்பூனில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டான். பிறகு கேட்டான்:

"வெய் பக்கத்துல நான், என் பக்கத்துல கம்பெனியே. உங்க பக்கம் ஒருத்தர் இல்ல. அன்னிக்கு அதை அனுப்ப உங்களுக்கு எப்படிக்கா தைரியம் வந்துச்சு?"

விளக்கு அணைந்தது. சுற்றிலும் தலையணைகளை எடுத்துப் போடும் சத்தம். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது.

"தைரியம் வரலப்பா" என்றேன். "தூங்கிட்டேன்."