மொட்டைக்கு முன்னும் பின்னும் நானே எனச் சான்று கேட்டு

அனுப்புநர்:
கு. கலையரசன் (வயது 24),
த/பெ குழந்தைவேல்,
வடக்குத் தெரு, ஓடைக்காடு,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம்,
பெரம்பலூர்.

பொருள்: மொட்டை அடித்ததால் கணினி என்னை அடையாளம் காண மறுத்து வேலையை முடக்கியது – முடியுடன் இருந்தவரும் முடி இல்லாதவரும் ஒருவரே எனச் சான்று வழங்க உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நிறுவனத்தின் மின்னஞ்சல், நாள் 14.04.2025.
2. செட்டிகுளம் மலைக்கோயில் முடி காணிக்கைச் சீட்டு, நாள் 11.04.2025.

மதிப்பிற்குரிய அய்யா,

தங்கள் நேரத்தின் அருமை அறிந்து, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடியில் பதினான்கு மாதமாக வேலை பார்க்கிறேன். கணினித் திரையில் வரும் முகங்களைச் சுற்றிக் கட்டம் போட்டு, ஆணா பெண்ணா, வயது என்ன இருக்கும் என்று குறிப்பது வேலை. நாங்கள் குறித்துக் கொடுப்பதை வைத்து, முகம் அறியும் மென்பொருளுக்குப் பயிற்சி தருகிறார்கள். வேலை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடையது. அது பெங்களூருக்குக் கொடுக்க, பெங்களூர் திருச்சிக்குக் கொடுக்க, திருச்சி எங்களுக்குக் கொடுத்தது. செய்தியில் உலகப் பொருளாதாரம் என்கிறார்களே, அதில் ஒரு துண்டு, இருபத்திரண்டு பேருடனும் மூன்று மின்விசிறிகளுடனும் அந்த மாடியில் ஓடுகிறது. கீழே யூரியா மூட்டை இறக்கினால் எங்கள் மேசை ஆடும்.

2. இந்த வேலை கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாக என் தாயார் அம்பிகா செட்டிகுளம் முருகனிடம் வேண்டியிருந்தார். என்னைக் கேட்டு வேண்டவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். கடந்த பங்குனி உத்திரத்தன்று என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அன்று மலையடிவாரத்தில் மொட்டை அடிக்க நின்ற வரிசை பேருந்து நிறுத்தம் வரை இருந்தது என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டுகிறேன். இது பின்னால் தேவைப்படும்.

3. 14.04.2025 தமிழ்ப் புத்தாண்டு. வெளிநாட்டுக்கு அது திங்கட்கிழமை மட்டுமே என்பதால் வேலைக்குப் போனேன். எங்களுக்கு வருகைப்பதிவு கேமராவில் முகம் காட்டித்தான். சந்தனம் பூசிய தலையுடன் நின்றேன். ‘முகத்தைக் காட்டவும்’ என்றது. முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்தேன். ‘முகம் பொருந்தவில்லை’ என்றது. துண்டைத் தலையில் கட்டினேன். ‘தலையில் உள்ள பொருளை அகற்றவும்’ என்றது. அகற்றினேன். பொருந்தவில்லை. ஐந்தாவது முயற்சிக்குப் பின், வேறு ஒருவர் என் பெயரில் நுழைய முயல்வதாகச் சொல்லி என் கணக்கை முடக்கியது. அந்த வேறு ஒருவர் நான்தான்.

4. எங்கள் மேற்பார்வையாளர் ஜெயசித்ரா அக்கா பக்கத்திலேயே நின்றார். “கலை, நீதான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?” என்றார். பிறகு திருச்சிக்குப் போன் செய்தார். திருச்சி பெங்களூருக்குச் சொல்லியது. பெங்களூரிலிருந்து, கணினியை அணைத்துப் போட்டுப் பார்க்கும்படி பதில் வந்தது. போட்டதும் முடக்கம் விலகி, கேமரா மறுபடியும் முகம் கேட்டது.

5. அப்போது அடுத்த நாற்காலிக்காரன் பிரேம் என்னதான் சொல்கிறது என்று பார்க்கத் தலையை நீட்டினான். பிரேமுக்கும் எனக்கும் ஒரே கடையில் முடி வெட்டு. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே. தாடியும் ஒரே அளவு. கணக்கு உடனே திறந்து, ‘வாருங்கள் கலையரசன்’ என்றது. “அண்ணே, நான் ஒண்ணும் பண்ணலண்ணே” என்று பிரேம் பின்னால் நகர்ந்தான். எல்லோரும் சிரித்தோம். இனி இரண்டு நாற்காலிக்கும் பிரேம் ஒருவனே போதும் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஜெயசித்ரா அக்கா அந்தக் கணக்கை உடனே மூடச் சொன்னார். பதினான்கு மாதமாக அந்தக் கேமரா பார்த்தது என் முகத்தை அல்ல, என் முடிவெட்டை என்று அன்றுதான் தெரிந்தது.

6. புதிதாகவே சேர்ந்துவிடலாம் என்று பதிவு செய்தேன். ஆதார் எண்ணைப் பார்த்துவிட்டு, கலையரசன் என்பவர் ஏற்கெனவே இருக்கிறார் என்றது. ஆக, நான் கலையரசனும் இல்லை, வேறு ஆளாகவும் இருக்கக் கூடாது.

7. தங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதில் என் கையும் உண்டு. நாங்கள் பயிற்சி கொடுத்ததும் எங்களுக்கு வருகைப்பதிவு எடுப்பதும் ஒரே மென்பொருள். சென்ற ஆண்டு வந்த படங்களில் மொட்டைத் தலைகள் நிறைய இருந்தன. கம்மல் போட்ட மொட்டைப் பெண்கள், பொட்டு வைத்த மொட்டைக் குழந்தைகள். நம் ஊரில் யார் பார்த்தாலும் ஒரு நொடியில் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எங்களுக்குத் தந்த நாற்பத்தொரு பக்க விதிமுறையில் மொட்டை என்பதே இல்லை. சந்தேகம் கேட்டு எழுதினேன். மூன்று நாள் கழித்து, ‘இத்தகைய முகங்கள் அரிது, நீக்கிவிடவும்’ என்று பதில் வந்தது. அரிது என்கிறார்கள். பத்தி 2-இல் சொன்ன வரிசையைத் தாங்கள் நினைவுகூர வேண்டுகிறேன். நான் என் கையால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை நீக்கினேன். இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள் நான்.

8. விதிமுறை எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. குறைந்த சம்பளத்துக்குக் கண்கள் வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வருகிறார்கள். வந்த இடத்தில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்பதில்லை. அவர்களிடம் சொல்ல எங்களுக்கு ஒரு தொலைபேசி எண்கூடக் கிடையாது. அதனால் தங்களிடம் சொல்கிறேன்.

9. இரு படங்களிலும் இருப்பவர் ஒருவரே என்று ஓர் அரசு அலுவலரின் சான்றை 29.04.2025-க்குள் அனுப்பாவிட்டால் என் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும் என்று மின்னஞ்சல் வந்துள்ளது. எங்கள் கிராம நிர்வாக அலுவலர் அம்மையாரிடம் போனேன். நல்லவர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “தம்பி, இந்தச் சான்று ரெண்டு பேரு வச்சிருக்கறவங்களுக்குக் குடுக்கறது. ஒனக்குப் பேரு ஒண்ணுதான, தலதான ரெண்டு. அதுக்கு ஃபாரம் இல்லியே. முடி வளந்தா சரியாயிடும், ஆடி மாசம் வா. அவசரம்னா கலெக்டருக்கு ஒரு மனு குடு” என்றார். தாலுகா அலுவலகத்தில், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஆடி மாதத்தில் என் முடி சரியாக இருக்கும். வேலை இருக்காது.

10. கோயில் சீட்டைச் சான்றாகக் காட்டலாம் என்று நினைத்தேன். அதில் என் பெயர் இல்லை, ‘மொட்டை – 1’ என்று மட்டுமே இருக்கிறது. எனக்கு மொட்டை அடித்த முருகையன் அவர்களைத் தேடிப் போய்ச் சாட்சி கேட்டேன். அன்றைக்கு எத்தனை தலை என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் முடியைப் பற்றி விவரமாகச் சொன்னார். ஏலத்தில் எடுப்பவர்கள் மூட்டை கட்டி அனுப்புவார்களாம், வெளிநாடு வரை போகுமாம். “ஒனக்கு முந்தி ஒன் முடி கப்பல் ஏறிடும் தம்பி” என்றார். அப்படியானால் என் முடியை யார் முடி, ஆணுடையதா பெண்ணுடையதா என்று எந்த நாடும் கேட்கப்போவதில்லை. அது இருந்த தலையை மட்டும்தான் கேட்கிறார்கள்.

11. எனவே தாங்கள் அருள்கூர்ந்து,
(அ) இணைப்பில் உள்ள இரு புகைப்படங்களிலும் இருப்பவன் நானே என்று ஆங்கிலத்தில் சான்று வழங்க உத்தரவிடவும்,
(ஆ) இம்மனுவைத் தாலுகா அலுவலகம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கைக்கு அனுப்பாமல் இருக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். இந்த மனுவைக் கொடுக்கச் சொன்னவரே அவர்தான்.

12. இதை எழுதி முடித்த நிலையில் மேலும் ஒன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. நேற்று என் தாயார் மறுபடியும் செட்டிகுளம் போய் வந்தார். “வேல திரும்பக் கெடைக்கட்டும், இன்னொரு மொட்ட அடிச்சுவுடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றார். இந்தத் தடவை நீயே அடித்துக்கொள் என்றேன். “வேல ஒனக்குத்தானடா?” என்றார். அவரிடம் மேற்கொண்டு பேச முடியாது. ஆகவே மேற்படி சான்றினைக் காலவரம்பு இல்லாமல், இந்த மொட்டைக்கும் இனி வரும் மொட்டைக்கும் செல்லத்தக்கதாக வழங்கிட வேண்டுகிறேன்.

தங்கள் உத்தரவுக்கு, தொப்பி அணியாமல் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கு. கலையரசன்

இடம்: பெரம்பலூர்
நாள்: 21.04.2025

இணைப்பு:
1. முடியுடன் எடுத்த புகைப்படம் – 1
2. முடியின்றி எடுத்த புகைப்படம் – 1
3. மின்னஞ்சல் நகல், என் தமிழாக்கத்துடன்
4. ‘மொட்டை – 1’ சீட்டு
5. பிரேமின் புகைப்படம் – 1 (குழப்பம் ஏற்படாமல் இருக்க, பின்புறம் ‘இது நானல்ல’ என்று எழுதியுள்ளேன்)