கழுத்தில் போட ஒரு வெள்ளைக் கல்

பாப்பா அம்மாவுக்கு,

உன் அண்ணன் வந்து பாப்பாவின் கல்லைக் கொடுத்தார். "கழுத்துல போட்டுக்கணுங்கறா, மாப்பிள்ளை. உங்க கையால வேண்டாம்னுதான் சொன்னா. நாலு பட்டறை ஏறி இறங்கிட்டேன். ரொம்ப மிருதுவான கல்லாம், கம்பி பட்டாலே கீறிடுமாம், யாரும் தொட மாட்டேங்கறாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்லின் அளவுக்கு மெழுகில் ஒன்று செய்து, வெள்ளிக் கம்பியை அதன்மேல்தான் வளைத்தேன். குறட்டின் வாயில் துணி சுற்றிக்கொண்டேன். கம்பி முனைகளை மழுங்கத் தேய்த்தேன். கடைசியில்தான் கல்லை உள்ளே வைத்து, விரலால் அழுத்தி மூடினேன். குளிக்கும்போது கழற்றிவிடு. அடிக்கடி தண்ணீர் பட்டால் மங்கிப்போகும்.

பின்பக்கம் சில கீறல்கள் இருக்கும். அது என் குறடு பட்டதல்ல, அவள் நகம். குட்டையிலிருந்து தூக்கியபோது அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். நான்தான் விரல்களைப் பிரித்தேன். மெருகு போட்டால் போய்விடும். மனசு வரவில்லை.

"அவ கூப்பிடவே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். இல்லை என்றேன். போலீசிலும் அப்படியே சொன்னேன்.

கூப்பிட்டாள். குட்டைப் பக்கமிருந்து "அப்பா, இங்க வாயேன்" என்றாள். கிடைத்த கல்லைக் காட்டத்தான் என்று நினைத்தேன். பாறையில் கல் பெயர்த்துக்கொண்டிருந்தேன். "இருடா கண்ணு, வரேன்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இதைப் படித்தபின் என் கைவேலையை உன்னால் கழுத்தில் போட முடியாது. அதனால் பின்னால் ஒரு கொக்கி வைத்திருக்கிறேன். நகத்தால் நெம்பினால் போதும், கம்பி கழன்று வந்துவிடும். கம்பியைத் தூக்கிப் போட்டுவிடு. கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

பாப்பாவின் அப்பா