அட்டவணை தெரியும், ஆள் தெரியாது

மார்ச் 4
மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் புது சர்வருக்கு மாறுகின்றன. அதற்கு முன் டேட்டாபேஸின் அமைப்பை மட்டும், அதாவது என்னென்ன அட்டவணைகள், என்னென்ன விதிகள் என்பதை, எடுத்துக் கொடுப்பது என் வேலை. டேட்டாபேஸின் காவல் பொறுப்பு, நாங்கள் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் மேடத்துடையது. அவர் எனக்குத் தந்த அனுமதியில் ஒரு நோயாளியின் பெயர்கூடத் தெரியாது. பதினோரு வருட அனுபவத்துக்கு இந்த மரியாதை!

மார்ச் 6
ஒரு பிழையும் காட்டாமல் எக்ஸ்போர்ட் முடிந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன். மேடம் எண்ணிப் பார்த்தார். பழைய சர்வரில் அட்டவணையும் விதியுமாக 212 வரையறைகள், என் கோப்பில் 203. விடுபட்ட ஒன்பதும், ஒவ்வாத மருந்தை எழுதினால் தடுக்கிற விதிகள். என் அனுமதிக்குத் தெரியாததை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டிருக்கிறது.

"முழு அனுமதி குடுத்திருந்தா இந்த வம்பே இல்லையே மேடம்?"

"விதியப் பாக்கணும், சரி. நோயாளியப் பாக்கறது எதுக்கு?"

சாப்பிடக்கூடப் போகாமல் அரை நாள் உட்கார்ந்து, அந்த ஒன்பதின் வரையறையை மட்டும் காட்டும் அனுமதியை எழுதித் தந்தார். கெட்டிக்காரி. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்ச் 7
212. அப்பாடா.

மார்ச் 9
மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் அண்ணி! கையில் மருத்துவக் கோப்பு. என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். என்ன வியாதி? அண்ணனுக்குத் தெரியுமா?

வெட்கத்தை விட்டு மேடத்திடம் கெஞ்சினேன். ஒரே ஒரு பதிவு, எங்க அண்ணியோடது.

"அவங்ககிட்டயே கேளுங்க."

"உங்களுக்குக் கல்லு மனசு."

"இருக்கட்டும்." நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மார்ச் 10
வீட்டில் அண்ணி என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

மார்ச் 12
துணி மடித்துக்கொண்டே அண்ணிதான் ஆரம்பித்தார். "கம்ப்யூட்டர்ல எல்லாம் பாத்திருப்பீங்களே தம்பி. அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எனக்கு அட்டவணைதான் அண்ணி தெரியும், ஆள் தெரியாது. கெஞ்சிக்கூடப் பாத்தேன். அந்த மேடம் காட்டவே இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா."

துணியை ஒதுக்கி வைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். என்ன சொன்னார் என்று இங்கே எழுதப்போவதில்லை.