வசந்தி வாங்கிய துவக்கு

3 மார்ச், திங்கள்
காலையிலிருந்து தூறல். விமான நிலையத்தில் காலை ஷிப்ட். ஹவுன்ஸ்லோ வீட்டுக்குத் திரும்பி மீன் வெட்டும்போது ஹூஸ்டனிலிருந்து தங்கை வசந்தியின் போன். பிரிந்துபோன புருஷன் மறுபடி வீட்டைச் சுற்றுகிறானாம். கோர்ட் தடை போட்டும் அடங்கவில்லை.

“அக்கா, துவக்கு ஒண்டு வாங்கப் போறன். பிஸ்டலோ ரிவோல்வரோ எண்டுதான் யோசினை.”

குக்கர் எது நல்லது என்று கேட்கிற குரல். குழம்புக்கு உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

4 மார்ச், செவ்வாய்
என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். போனிலிருந்து நிமிராமல்:

“ரிவோல்வரை எடுக்கச் சொல்லும். கொள்ளுற ரவை, குண்டு குறைவுதான், ஆனா சுடேக்க சிக்காது. பிஸ்டல் பழகாத கையில சிக்கும்.”

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்து ஆள்.

நாளைக்கு: பால், முட்டை, பல்வைத்தியருக்குப் போன்.

6 மார்ச், வியாழன்
வசந்தி கடையில் இரண்டையும் பிடித்துப் பார்த்தாளாம். பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்க முடியவில்லை. மணிக்கட்டில் வாதம். ரிவோல்வரில் அந்த இழுவை இல்லை, ஆனால் சுடும் விசை கடினம். கடைக்காரர் பிஸ்டலையே எடுக்கச் சொன்னாராம், ரவை அதிகம் கொள்ளும் என்று.

“இழுக்க ஏலாத கைக்கு எத்தினை ரவை இருந்தென்ன, அக்கா?”

ரிவோல்வர் வாங்கிவிட்டாள்.

“ஏதும் நடந்தா முதல்ல பொலிசுக்குப் போன் அடி.”

“ஓம், ஓம்.” எரிச்சலாக.

11 மார்ச், செவ்வாய்
வசந்தியின் போன். அவன் வந்துவிட்டான். பின்கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே. இவள் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு பொலிசுக்கு அடித்திருக்கிறாள். ஒரு கையில் போன், மறுகையில் ரிவோல்வர். அவன் கதவை உதைக்க, “சுடுவன்!” என்று தமிழில் கத்தினாளாம். உதை நின்றது.

அவனை முற்றத்தில் பிடித்தார்கள். பிறகு இவள் கதவைத் திறந்தால், பொலிஸ்காரர்களின் துவக்கு இவளை நோக்கி. கையில் இருந்ததைக் கண்டுவிட்டார்கள். கீழே போடு, கீழே போடு என்று சத்தம்.

“விரல் விறைச்சுப் போச்சு, அக்கா. விட ஏலேல்லை. சுட்டிருப்பினம்.”

ஒரு பொம்பிளைப் பொலிஸ் மெதுவாகப் பேசப் பேசத்தான் விரல்கள் தளர்ந்தனவாம்.

12 மார்ச், புதன்
வேலைக்குப் போகவில்லை. இவரிடம் முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சின்ன அறையில் கிடந்த பெட்டிகளை வெளியே தூக்கி வைக்கத் தொடங்கினார். “வரச் சொல்லும். கொஞ்ச நாள் இஞ்ச இருக்கட்டும்.”

15 மார்ச், சனி
நல்ல வெயில். கட்டிலுக்குப் புது விரிப்பு. அவனுக்குப் பிணை கிடைக்கவில்லை. வசந்தி வியாழன் வருகிறாள்.

“துவக்கு?” என்று போனில் கேட்டேன்.

“பொலிசிட்ட. திருப்பித் தருவினமாம்.”

“திருப்பி வாங்கப் போறியோ?”

“தெரியேல்லை. அது இல்லாட்டி அவன் கதவை உடைச்சிருப்பான். அது இருந்தபடியால் பொலிஸ் என்னைச் சுடப் பாத்தது.” பிறகு கேட்டாள்: “உங்கட குளியலறைக்குப் பூட்டு இருக்கோ, அக்கா?”

இருக்கு என்றேன். போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் ஆடுகிறது. இவர் திருகாணி தேடுகிறார்.