பதினாலாயிரம் முறை சுட்ட துப்பாக்கி

பைன் க்ரீக், ஐடஹோ
மார்ச் 9, 1997

அன்பு அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை மட்டும்தான் கேட்கிறாய். போன கடிதத்தில் நாலே வரி எழுதியிருந்தாய். அண்ணி எப்படி இருக்கிறாள், ஆற்றில் உறைந்த பனி உருகியதா, ஒன்றும் இல்லை.

சலவைக் கடை வேலை பரவாயில்லை. பன்னிரண்டு மெஷின், மரம் அறுக்கும் மில் ஆட்களின் அழுக்குத் துணி. என்னைப் பற்றி யார் போன் செய்து கேட்டாலும் "அப்படி ஒருத்தி இங்க இல்லை" என்று சொல்லும்படி முதலாளியிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவன் போன் செய்து, பேசாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தானாம். நான் விட்டு வந்த என் புருஷன் கேலன்தான் என்று நினைக்கிறேன். லவோன் "எவனோ குடிகாரன்" என்கிறாள்.

லவோன் என் பக்கத்து வீட்டுக்காரி. இருபது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள், வாய் ஜாஸ்தி. நான் சுட்ட காலித் தோட்டாக்களைச் சமையலறை மேஜையில் வைத்து, மருந்தும் குண்டும் போட்டு மறுபடி நிரப்பித் தருகிறாள். நீ கொடுத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தினமும் விடிந்ததும் கல்குழிக்குப் போகிறேன். ஞாயிறு தவிர தினமும் நூறு. அக்டோபரிலிருந்து ஒரு நாள் விடவில்லை. சுடுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் எனக்குப் பயம் இல்லை அண்ணா.

பெரிதாக எழுது.

உன்
மார்லிஸ்

*

மைனாட், வடக்கு டகோட்டா
மார்ச் 17

அன்புத் தங்கச்சி,

அண்ணி நலம். ஆறு உருகவில்லை. பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறேன், கார் ஓட்ட முடியாது. போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். தினம் நூறா? அது ஒருவன் வாங்கி, இரண்டு பெட்டி சுட்டுப் பார்த்துவிட்டு, மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுவதற்காகச் செய்த துப்பாக்கி. மலிவு விலைக்கு மலிவு இரும்பு. நீ அதை ஆலை மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறாய்.

என் சுடுதளத்தில், சுட்டுப் பழக வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க அதே ரகத்தில் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். எத்தனை தோட்டா போனது என்று நோட்டில் குறித்து வருகிறேன். பதினேழாயிரம் தாண்டிவிட்டது. ஸ்பிரிங் மூன்று முறை மாற்றினேன். வெளியே வர வேண்டிய காலித் தோட்டா இப்போது பாதி நேரம் பக்கத்து ஜன்னலிலேயே சிக்கிக்கொள்கிறது. உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினாலாயிரம் வருகிறது. உன்னுடையதில் எதுவும் மாற்றவே இல்லை.

வாரம் ஒரு நாள் சுட்டால் போதும். கை மறக்காது.

அன்புடன்
ஓரின்

*

பைன் க்ரீக்
ஏப்ரல் 2

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தபின் எனக்கு இருந்த ஒரே தைரியமும் போயிற்று. அதற்காகவா எழுதினாய்?

சிக்குகிறது, உண்மைதான். பிப்ரவரியிலிருந்தே. நூறில் ஆறு, ஏழு. ஒவ்வொரு முறை சிக்கும்போதும் அவன் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு சரிசெய்கிறேன். இரண்டு நொடி ஆகிறது. இரண்டு நொடியில் அவன் எவ்வளவு தூரம் வருவான் என்று எனக்குத் தெரியும். அவனோடு இருந்த வீட்டுச் சமையலறையில் பார்த்திருக்கிறேன்.

லவோனிடம் சொன்னேன். "ஏன்டி, நீ நிறுத்தினாலே அது பிழைச்சுக்கும்! உன் பீதிக்குத் தோட்டா நிரப்பி என் கட்டைவிரல் தேஞ்சு போச்சு" என்றாள். சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். அவள் காபி போட்டாள்.

நேற்று மளிகைக் கடை வாசலில், அவனுடையது மாதிரியே பச்சை நிற பிக்கப் வண்டி ஒன்று. நம்பர் பலகை டகோட்டாவுடையது. கிட்டே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. இன்று காலை நூற்றைம்பது சுட்டேன்.

மார்லிஸ்

*

மைனாட்
ஏப்ரல் 14

மார்லிஸ்,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். சலவைக் கடைக்கு மூன்று முறை போன் செய்தேன். "நான் அவளோட அண்ணன்" என்றேன். "அப்படி ஒருத்தி இங்க இல்லை" என்று வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை என் வாடகைத் துப்பாக்கி உடைந்துவிட்டது. சுடும்போது மேலே முன்னும் பின்னும் ஓடுமே, அந்த இரும்பு மூடி, காலித் தோட்டா வெளியேறும் ஜன்னலின் மூலையில் பிளந்தது. ஒரு துண்டு தெறித்து, சுட்டுக்கொண்டிருந்த பல் டாக்டரின் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது. அந்த இடத்தில் ஒரு மெல்லிய கோட்டைப் போன திங்கட்கிழமை துடைக்கும்போதே பார்த்தேன். கீறல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உன்னுடையதைக் கழற்றி, துடைத்து, அந்த மூலையை வெளிச்சத்தில் பார். கோடு தெரிந்தால் ஒரு முறைகூடச் சுடாதே. கட்டுப் பிரித்ததும் என்னுடைய நல்ல துப்பாக்கியை நானே கொண்டு வருகிறேன்.

இன்னும் இருக்கிறது. கேலன் அப்போது அங்கே இருந்தான். வாரா வாரம் வருகிறான். உன்னை நெருங்கக் கூடாது என்கிற கோர்ட் உத்தரவு இருப்பதால் சுட அவனுக்கு அனுமதி இல்லை. காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வராதே என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் அவனைக் கண்டால் பயம். அவன் உன்னைத் தேடி வராமல் இருக்கட்டும் என்றுதான் ஜனவரியில் சொன்னேன்: "அவகிட்ட இதே மாதிரி துப்பாக்கி இருக்கு. கிட்டப் போனா சுட்டுடுவா." சனிக்கிழமை அவன் உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவளோடதும் இதானே?" என்றான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் பிக்கப் ஊரில் இல்லை. உன் கடிதம் ஒன்று பல நாள் கல்லா மேல் கிடந்தது. உறையில் ஊர் முத்திரை இருந்தது. அவன் பார்த்தானா, தெரியாது.

உன் ஊர் போலீஸ் அதிகாரி ஷெரீப்பிடம் பேசிவிட்டேன். ஆளனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஏன் மலிவானதைக் கொடுத்தேன் தெரியுமா? மூன்று முறை அவனை விட்டு வந்தாய், மூன்று முறையும் திரும்பிப் போனாய். இந்தத் தடவையும் பதினைந்து நாளில் போய்விடுவாய், நல்லதை எதற்கு வீணாக்குவது என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு.

ஓரின்

*

ஏப்ரல் 21

அண்ணா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அவன் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டான்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறான். பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும், கால் அகட்டி, கல்குழியில் நிற்பது மாதிரியே. அவன் கொஞ்சமும் பயப்படவில்லை அண்ணா. சிரித்தான்.

"சுடுடி. உன் அண்ணன் கடையில இதே சாமான்தான் சனிக்கிழமை பொளந்துச்சு. ஒருத்தன் புருவம் கிழிஞ்சு ரத்தம். உன் மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். விசையை இழுக்கத்தான் போனேன். பதினாலாயிரம் முறைக்கு மேல் இழுத்த விரல், வளையவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. அவன் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தான். சுவரோரம் காத்திருந்த மர மில் ஆட்கள் மூன்று பேர் எழுந்தார்கள். "என்னப்பா, என்ன வேணும் உனக்கு?" என்று ஒருவர் நடுவில் வந்து நின்றார். கேலன் அவரைத் தள்ளினான். அதற்குள் ஷெரீப்பின் ஆள் உள்ளே நுழைந்தார். உன் போனால் வந்தவர். அதை நான் மறக்க மாட்டேன்.

கோர்ட் உத்தரவை மீறியதற்காக உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் என்கிறார்கள், அதற்கு மேல் இல்லை.

வியாழக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு, லவோனும் நானும் அதைக் கழற்றிப் பார்த்தோம். அந்த மூலையிலேயே, உள்பக்கம், என் நகத்தின் நீளத்துக்கு ஒரு கோடு. லவோன் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "செவ்வாக்கிழமை காலையிலகூட நூறு சுட்டியேடி" என்றாள். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மலிவான துப்பாக்கி கொடுத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நான் திரும்பிப் போவேன் என்று நீ நினைத்ததில் தப்பும் இல்லை. நானே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் கையில் என்ன இருக்கிறது என்று அவனிடம் சொன்னாய். அது உடைந்தபோது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தாய். என் கடிதத்தை அவன் கண்முன் போட்டுவைத்தாய். என்மேல் பாசம் இல்லாமல் செய்யவில்லை, அவனிடம் பயந்து செய்தாய். அந்தப் பயம் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பயம் இருக்கிற இடத்தில் நான் எதையும் வைக்க முடியாது, என் விலாசத்தைக்கூட.

நாளைக் காலையில் கிளம்புகிறேன். இதை லவோன் வேறு ஊருக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். முத்திரையைப் பார்த்து வராதே. நல்ல துப்பாக்கியை நீயே வைத்துக்கொள்.

என்றாவது நானே வந்து உன் கதவைத் தட்டினால் திற. அதுவரை நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அவன் வந்து கேட்டால், நீ பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை.

என்றும் உன் தங்கச்சி
மார்லிஸ்